எடுத்த கையும் அடித்த கையும்

ஜூன் 4

அன்புள்ள பொட்டுவுக்கு,

நலமா என்று கேட்டால் நீ பதில் எழுத வேண்டியிருக்கும். அதனால் நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "சொல்லு" என்று ஒரு சொல், அதற்கு மேல் மூச்சுச் சத்தம்தான். கடிதத்தைக் கிழித்துத்தான் போட முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படுமல்லவா?

இங்கே வேலைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். சீருடைக் கடையில் நான்கு மிஷினும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எனக்குக் காலர் தைக்கிற வேலை மட்டும். பகலெல்லாம் காலராகத் தைத்துத் தள்ளினால் கனவில் கழுத்தில்லாத பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். முழங்கால் வலி அப்படியேதான். மிஷினுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். வலிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

சரி, சுற்றி வளைப்பானேன். உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை என்றால் நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் பெரிய கடையில் பிடிபட்டுவிட்டேன். குழந்தைகள் தலையில் மாட்டுகிற கிளிப், ஒரு அட்டை. மஞ்சள் நிறம். என் தலையில் இருக்கிற முடிக்குக் கிளிப் ஒரு கேடு! எடுத்தது எனக்கே தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். ஆனால் எடுக்காமல் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. மேலாளர் சின்னப் பையன். கேமராவில் என்னையே எனக்குக் காட்டினான். "எதுக்கும்மா இது?" என்று கேட்டான். "தெரியலப்பா" என்றேன். அழுகை நிற்கவில்லை. வந்த பெண் போலீஸ் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நல்ல பெண்.

அங்கே மனநல டாக்டர் எல்லாம் கேட்டார். சின்ன வயதிலிருந்து கேட்டார். கடைசியில் சொன்னார், "தேவைக்காக எடுக்கிறது வேற, எடுக்காம இருக்க முடியாதது வேறம்மா. குடியை விட முடியாதவங்க மாதிரி இதுவும் ஒரு வியாதி. மாத்திரை இருக்கு, பயிற்சி இருக்கு."

பொட்டு, அன்று இரவு நான் எத்தனை வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன் தெரியுமா? கெட்டவள், கெட்டவள் என்று என்னை நானே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். நோயாளியாம்! கடைக்காரர்களும் டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

இதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். சர்க்கரை வியாதிக்காரி மேல் யாராவது கோபப்படுவார்களா? ஒருமுறை வந்து குட்டியைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா? ஏழு வயதாகிவிட்டது, போட்டோவில்தான் வளர்கிறாள்.

உன் பதிலுக்குத் தவிக்கும்,
அம்மா


ஜூன் 16

அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. போனில் பேசாததற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் சமாதானம் சொல்வேன். பிறகு யார் யாருக்கு என்ன செய்தோம் என்பதே மறந்துபோகும். இருபது வருடமாக இதுதான் நடக்கிறது. அதனால் எழுத்திலேயே பேசுவோம்.

டாக்டர் சொன்னதை நான் நம்புகிறேன். நீ நினைப்பதைவிட முன்னாலேயே எனக்கு அது தெரியும். நம் வீட்டுக் கட்டிலடியில் இருந்த தகரப் பெட்டியில் என்னவெல்லாம் இருந்தன? ஒற்றைத் தோடுகள், யாரோ வீட்டுக் கரண்டி, பல் போன சீப்பு. இதையெல்லாம் ஆசைப்பட்டு யாரும் திருடமாட்டார்கள் என்று எட்டு வயதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கணக்கு மிஸ் வீட்டைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. மறந்துபோயிருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

எனக்குப் பதினாலு வயது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மிஸ் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்கப் போனோம். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், இன்னொரு முனை உன் கையில். மேஜை மேல் மிஸ் கழற்றி வைத்த வாட்ச். உன் கை போனதைப் பார்த்தேன். திரைத் துணிச் சுருளுக்குள் அது போனதையும் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய்.

வாட்ச் காணோம் என்றதும் மிஸ் என் பையைத்தான் பார்த்தார்கள். பையைத் தரையில் கொட்டினார்கள். என் நோட்டு, டிபன் பாக்ஸ், எனக்கு வெட்கமாக இருந்த துணி, எல்லாம் தரையில். எதுவும் கிடைக்கவில்லை. அப்போது நீ வந்து என் கன்னத்தில் அறைந்தாய். "எங்கடி வெச்ச? சொல்லு, என் மானத்தை வாங்காதே" என்றாய். மிஸ்ஸின் மகன்கள் இருவரும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தால் "மணி என்னடி?" என்று கேட்பார்கள். பள்ளிப்படிப்பு முடியும்வரை கேட்டார்கள். இன்றுவரை நான் வாட்ச் கட்டுவதில்லை.

எடுத்த கை நோயாளியின் கை. சரி. அடித்த கை யாருடையது? அந்த வியாதிக்குப் பெயர் என்ன? டாக்டரைக் கேட்டு எழுது.

குட்டியைப் பார்க்க வருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

இப்படிக்கு,
மகள்


ஜூன் 30

அன்புள்ள பொட்டுவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது தப்பாகப் போயிற்று. காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பக்கத்து மிஷின்காரி "என்னக்கா, ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய்யில்லையே.

மறப்பேனா? நீ அழவில்லை என்பதுகூட மறக்கவில்லை. கன்னத்தைக்கூடத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாரம்மா. அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்துச் சீருடை வேலையை எனக்கு வாங்கித் தந்ததே அந்த மிஸ்தான். என் பெயர் கெட்டால் இரண்டு பேரும் தெருவில் நிற்க வேண்டும். சின்னப் பெண் தெரியாமல் எடுத்துவிட்டாள் என்றால் நாலு நாள் பேசி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை முந்திக்கொண்டது. இத்தனை வருடம் கழித்துப் பெற்றவளைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறாயே, நான் என்ன உனக்குச் சோறு போடாமலா விட்டேன்? காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு விடியவிடிய நடக்கவில்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதிய வரியை அடித்துத் திருத்தினால் நன்றாக இருக்காது, அப்படியே இருக்கட்டும்.

டாக்டரைக் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். உன் கடிதத்தை மடித்து எடுத்துப் போய் அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கேள்விக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா" என்றார். "எடுக்கிறதைப் பத்திதான் நான் பேச முடியும். மத்ததை நீங்களும் உங்க பொண்ணும்தான் பேசணும்." பெரிய படிப்புப் படித்தவர், இப்படிக் கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வரும்வரை அவர் மேல் எனக்குக் கோபம்.

மிஸ் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அதே வீடுதான். எதிரே வருவதைப் பார்த்தால் நான் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவேன்.

நான் என்ன செய்தால் உனக்கு ஆறும், சொல். செய்கிறேன்.

அம்மா


ஜூலை 12

அம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடுவில் இங்கே ஒன்று நடந்தது. அதை உனக்குச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. சொல்லவும் கூசுகிறது.

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு ஃப்ரேம் குறைந்தாலும், யாரும் கேட்பதற்கு முன்னால் என் பையைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்துவிடுவேன். முதலாளி, "உன்னை யாரும்மா கேட்டது? மூடு" என்பார். அது என்னோடு போகட்டும். வீட்டிலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளுடைய பையைத் துழாவுவேன். தினமும். டிபன் பாக்ஸ் எடுக்கிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொள்வேன். டிபன் பாக்ஸை எடுத்த பிறகும் கை உள்ளேயேதான் இருக்கும். உன் மாப்பிள்ளை பலமுறை சொல்லிவிட்டார். என்னால் விட முடியவில்லை.

போன வாரம் பென்சில் பெட்டியில் மீன் மாதிரி ஒரு ரப்பர். நான் வாங்கிக் கொடுத்ததில்லை.

"யாருது?" என்றேன்.

"ஃப்ரெண்டு குடுத்தா."

"பொய் சொல்லாதே."

"பொய் இல்லம்மா, அவளே குடுத்தா."

அறைந்துவிட்டேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்படி அழுகிறாளே என்று எனக்கு ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. என்னைப் போல இல்லை, பார். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் அந்தப் பெண்ணின் அம்மாவே வந்து சொன்னாள், "உங்க பொண்ணுக்கு மீன்னா பிடிக்குமாமே, என் பொண்ணு ஆசையா எடுத்து வெச்சா, குடுத்துட்டாளா?"

அவரிடம் அன்று இரவு சொன்னேன், "என்னால முடியல. நான் வளர்ந்த விதம் அப்படி. எங்க அம்மாவாலதான்." அவர் குட்டியின் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "உங்க அம்மா பண்ணினதுக்கு இவ எதுக்கு அடி வாங்கணும்?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உன்னால்தான் இந்தப் பழக்கம் வந்தது. ஆனால் அதைச் சொன்ன குரல், "அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை" என்று நீ எழுதினாயே, அந்தக் குரல்தான். காலையில் குட்டியின் முன்னால் உட்கார்ந்து, "நீ பொய் சொல்லல. அம்மாதான் தப்பு பண்ணினேன்" என்றேன். "இனிமே பையைப் பார்க்கமாட்டியா?" என்று கேட்டாள். பார்க்காமல் இருக்க முயற்சி செய்கிறேன் என்றேன். "பார்த்தா சொல்லிட்டுப் பாரு" என்றாள்.

என்ன செய்தால் ஆறும் என்று கேட்டாய். ஆறுமா என்று தெரியாது. மிஸ் வீட்டுக்குப் போ. வாட்சை எடுத்தது நீ என்று சொல். வியாதி என்று சொல்லாமல் சொல். எனக்குச் சோறு போட்டவள் என்ற நன்றி உன் மேல் உண்டு. காய்ச்சலுக்குத் தோளில் சுமந்ததும் நினைவிருக்கிறது. அதை வைத்து இதைக் கழிக்க முடியவில்லை அம்மா. முயன்று பார்த்துவிட்டேன்.

நீ போவாய் என்று நான் நம்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மகள்


ஆகஸ்ட் 9

அன்புள்ள பொட்டுவுக்கு,

போய்விட்டு வந்தேன்!

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். வெளுத்த புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். மிஸ்ஸுக்கு வயதாகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்கள். உட்காரச் சொன்னார்கள். காபி கொடுத்தார்கள், சர்க்கரை போதுமா என்று கேட்டார்கள். மகன்கள் இருவரும் தூர தேசத்தில். வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார்கள். நான் அன்று தைத்த திரைகள் இல்லை, வேறு போட்டிருக்கிறார்கள், தையல் சுமார்தான்.

சொல்லிவிட்டேன். "வாட்சை எடுத்தது நான்தான் மிஸ்" என்று சொல்லிவிட்டேன். மிஸ் ரொம்பப் பெரிய மனசு. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மன்னித்து எத்தனையோ காலமாகிவிட்டது என்று சொன்னார்கள்.

அவ்வளவுதான். இனி உன் மனதில் பாரம் வேண்டாம். முழங்கால் வலிக்குப் புது எண்ணெய் ஒன்று சொன்னார்கள், தேய்க்கிறேன், பரவாயில்லை. மாத்திரையும் தவறாமல் போடுகிறேன்.

உன் அம்மா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அறைக்குள் போய் நின்று படித்தேன். மிஷின் ஓடும் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது. முதலாளி கதவைத் தட்டி, "என்னம்மா, கண்ணுல தூசியா? கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு!" என்றார். சிரித்துவிட்டேன்.

நீ போகமாட்டாய் என்று எழுதினேனே, அதற்கு மன்னித்துவிடு. செருப்பைக் கழற்றி மாட்டினாய் என்று படித்தபோது உன்னை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது. இருபது வருடம் ஆயிற்று, யாரோ ஒருவராவது அது நானில்லை என்று தெரிந்துகொண்டார்கள். அது இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே போனேன். காரணமில்லாமல் எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தேன்.

செப்டம்பர் கடைசியில் குட்டிக்கு ஒரு வாரம் விடுமுறை. வா அம்மா. அவள் அறையில் உனக்கு ஒரு மடக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். பாட்டி குறட்டை விடுவாளா என்று கேட்கிறாள். விடுவாள் என்று சொன்னதும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்துப் பழகுகிறாள். பஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன். முழங்காலை வைத்துக்கொண்டு படியில் இறங்கி நிற்காதே, நான் வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திரு.

அன்புடன்,
பொட்டு


செப்டம்பர் 22

பொட்டு,

துணி எடுத்து வைத்துவிட்டேன். குட்டிக்கு ஒரு கவுன் தைத்து, இஸ்திரி போட்டு, மேலே வைத்துவிட்டேன். டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. வரமாட்டேன். ஏன் என்று எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

மிஸ்ஸிடம் சொன்னேன் என்றேனே, அது நிஜம். "வாட்சை எடுத்தது நான்தான் மிஸ்" என்றேன். மிஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க இப்படி வந்து சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார்கள். "பெத்த மனசு வேற எப்படி இருக்கும்? பொண்ணு பண்ணினதைத் தன் தலையில போட்டுக்கிறதுக்கு இத்தனை வயசுல படியேறி வந்திருக்கீங்க பாருங்க."

"இல்ல மிஸ்..." என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவளை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். சின்னப் புள்ள. நான் மன்னிச்சுட்டேன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றார்கள். அழுதார்கள். உங்களை மாதிரி ஒரு தாய் கிடைக்க அவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

மன்னித்தார்கள் என்று எழுதினேன். யாரை என்று எழுதவில்லை.

காபி வந்தது. குடித்தேன். மேஜை மேல் பேனா கிடந்தது, சின்னப் பித்தளை மணி ஒன்று கிடந்தது. என் கை அந்தப் பக்கமே போகவில்லை பொட்டு. எடுப்பதற்கு முன்னால் வரும் என்று டாக்டர் சொன்ன படபடப்பு எதுவும் இல்லை. மனசு குளிர்ந்து போய் உட்கார்ந்திருந்தேன். என்னை அப்படி யாரும் புகழ்ந்ததில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்றுகூட இருந்தது. அன்று எனக்கு எந்த வியாதியும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தது நான்தான்.

பிறகு உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். உன் பதில் வந்தது. காரணமில்லாமல் எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் டிக்கெட் வாங்கினேன். கவுன் தைத்தேன். சொல்லாமலே வந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று தினமும் நினைத்தேன். நேற்று முன்தினம்தான் போனேன், இரண்டாவது முறை.

மிஸ் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்கள். நான் உட்காரவில்லை. "மிஸ், வாட்ச் வாரில் ஒரு துளை கிழிஞ்சு, கறுப்பு நூலால தைச்சிருந்தது. உள்பக்கம் முடிச்சு வெளிய தெரியும். தைக்கத் தெரியாதவங்க தைச்சது. வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். மறுநாள் பாலத்துக்கு மேல நின்னு ஓடையில போட்டுட்டேன்" என்றேன்.

மிஸ் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். "அது அவர் தைச்சது" என்றார்கள். மிஸ்ஸின் வீட்டுக்காரர் இப்போது இல்லை.

"அந்தப் புள்ளைய வருஷம் முழுக்கக் கடைசி பெஞ்சில தனியா உட்கார வெச்சேன்" என்றார்கள். யாரிடமோ சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்தார்கள். "போன தடவை நான் உங்களைப் புகழ்ந்தேன். கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க."

"ஆமா மிஸ்."

"காபி குடிச்சீங்க."

"ஆமா."

வியாதி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. உன் போன் நம்பரைக் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். "நீங்க போங்க" என்றார்கள். வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் உடம்பு சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. வரும் வழியில் கடை வேலைக்குப் பட்டன் வாங்கப் போனேன். ஒரு அட்டைக்குக் காசு கொடுத்தேன், இன்னொரு அட்டை பைக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நேற்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்து, "எடுத்துட்டேன்" என்றேன். கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு, "இனிமே இங்க வராதீங்கம்மா" என்றார். பதினைந்து வருட வாடிக்கை.

இப்படிப்பட்டவளை வீட்டுக்குள் விடுவது உன் இஷ்டம். பொய்யைச் சொல்லிவிட்டு உன் வீட்டில் வந்து சாப்பிட என்னால் முடியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. மன்னித்துவிடு என்று எழுதப் போவதில்லை. அந்தச் சொல்லை நான் கெடுத்துவிட்டேன். அன்று உன்னை அடித்தது நான். வியாதி அடிக்கவில்லை. நான் அடித்தேன்.

கவுனை மட்டும் தபாலில் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் யாருக்காவது கொடுத்துவிடு.

அம்மா


அக்டோபர் 14

அம்மாவுக்கு,

கவுன் வந்தது. தோள் கொஞ்சம் இறக்கம். வளர்ந்தால் சரியாகிவிடும்.

மிஸ் போன் செய்தார்கள். முதலில் யார் என்றே தெரியவில்லை, இருமல் சத்தம்தான் கேட்டது. பெயர் சொன்னதும் எழுந்து நின்றேன், வகுப்பில் நிற்பது போல. "ஒண்ணு கேட்கணும்மா" என்றார்கள். "அன்னைக்கு உன் பையைக் கொட்டினேன். உங்க அம்மாவைக் கேட்டேன். நீ எடுத்தியான்னு உன்னை நான் கேட்கவே இல்ல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"எடுத்தேன்னு சொல்லியிருப்பேன் மிஸ்" என்றேன். அந்தப் பக்கம் அழும் சத்தம் கேட்டது. நானும் அழுதேன். போனில் அழக்கூடாது என்று உனக்குச் சட்டம் போட்டவள்.

அதுதான் நிஜம் அம்மா. உன்னைக் காட்டிக் கொடுக்கும் தைரியம் எனக்கும் இருந்திருக்காது. அந்த வயதில் அது என் பொறுப்பில்லை என்று தெரியும். தெரிந்தும் வெட்கமாக இருக்கிறது. நாம் இருவரும் ஒரே வெட்கத்தை ஆளுக்கொரு ஊரில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

கோபம் போகவில்லை. வாட்சைவிட, நீ அறைந்ததைவிட, ஆகஸ்ட் மாதம் நீ எழுதிய அந்தக் கடிதம்தான் அதிகம் வலிக்கிறது. நான் நிமிர்ந்து நடந்த அந்த ஒரு சாயங்காலத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. உன் கடைசிக் கடிதம் வந்த அன்று மடக்குக் கட்டிலை மடக்கி வைத்தேன். மறுநாள் விரித்தேன். மறுபடி மடக்கினேன். அவர் பார்த்துவிட்டு, "முதுகு வலிக்கப் போகுது" என்றார். இப்போது விரித்தே கிடக்கிறது. மேலே துவைத்த துணி மலை மாதிரிக் குவிந்திருக்கிறது.

நீ வராததற்குக் காரணம் கேட்டுக் குட்டி துளைத்தெடுத்தாள். பொய் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அவளுக்கு ஒரே ஒரு கவலைதான்.

"பாட்டி என் சாமானை எடுத்துட்டா நான் என்ன பண்ணணும்?"

"எடுத்தீங்களான்னு நேரா கேளு."

"திட்டணுமா?"

"திட்ட வேணாம். கேளு."

"கேட்டா, ஆமான்னு சொல்லுவாங்களா?"

டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடும். அதற்குப் பதிலை நீயே வந்து அவளிடம் சொல்.

பொட்டு